சீனித்தாய் திட்டாத காலம்

இனிமேல் மாத்திரை கிடையாது என்று பெருமாள் அண்ணாச்சி தீர்மானம் செய்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை, பல் தேய்க்கும்போது. பெரிய தீர்மானங்களை எல்லாம் அவர் பல் தேய்க்கும்போதுதான் செய்வார். வாய் நிறையப் பற்பொடி இருப்பதால் அவசரப்பட்டு யாரிடமும் உளறிவிட முடியாது என்பது அதில் ஒரு வசதி.

முழுப்பெயர் சிவனணைந்தபெருமாள். தூத்துக்குடிப் பழைய துறைக்குப் பக்கத்தில் கயிற்றுக் கடை. தோணிகளுக்கு வேண்டிய வடம், பாய்த்துணி, தார், ஆணி எல்லாம் அவரிடம் கிடைக்கும். புதுத் துறைமுகம் திறந்து பெரிய கப்பல்கள் வர ஆரம்பித்த பிறகும் தோணிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவர் கடையும் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் நல்ல உயரம். குரல் அதைவிட உயரம். கடையில் நின்று ஒரு சத்தம் போட்டால் கடலுக்குள் கிடக்கிற தோணிக்காரன் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரல் வீட்டு நிலைப்படியைத் தாண்டும்போது மட்டும் செருப்போடு வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே சீனித்தாயின் ஆட்சி.

அவர் மனைவிக்குப் பெயரில்தான் சீனி. நாக்கு மிளகாய்வற்றல். கல்யாணமான புதிதில் அவர் வெங்காயம் வாங்கி வந்தார். பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "அழுகினதாப் பாத்துப் பொறுக்கினீயளா, இல்ல ஒங்களக் கண்டதும் அதுவா ஓடி வந்துச்சா?" என்றாள். ஒரு தடவை கையில் குடையோடு நனைந்து வந்தார். "கொடை நனைஞ்சிரும்னு கக்கத்துல வச்சிக்கிட்டு வந்தீயளாக்கும்?" என்றாள். இப்படி ஆரம்பித்தால் அவள் நிறுத்த அரைமணி ஆகும். ஆனால் திட்டிக்கொண்டே தலை துவட்டிவிடுவாள். திட்டிக்கொண்டே சீலா மீனின் நடுத்துண்டை அவர் தட்டில் வைப்பாள். திட்டும் நடுத்துண்டும் சேர்ந்தே வந்து பழகிவிட்டதால், எது மீன் ருசி, எது திட்டின் ருசி என்று பிரித்துச் சொல்ல அவருக்குத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கடையில் ஒரு வடச்சுருளைத் தூக்கப்போனவர் அதன்மேலேயே சாய்ந்துவிட்டார். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். இருதயத்துக்கென்றே படித்த பெரிய டாக்டர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் பிழைக்கவைத்து, மூன்று வகை மாத்திரை எழுதிக் கொடுத்து, இரண்டு சொல் சொல்லி அனுப்பினார். அண்ணாச்சியிடம் சொன்னது: "ஆறு மாசத்துக்கு ஒருக்க வந்து காட்டுங்க. மருந்தைக் கூட்டுறதோ குறைக்கிறதோ நான் பாத்துச் சொல்லுவேன்." சீனித்தாயிடம் சொன்னது: "இவருக்கு அதிர்ச்சி கூடாதும்மா. மனசு அமைதியா இருக்கணும்."

இரண்டில் ஒரு சொல்தான் நிறைவேறியது. சீனித்தாய் அன்றைக்கு மூடிய வாயைத் திறக்கவே இல்லை.

பேசுவாள். அது வேறு பேச்சு. "சரி." "ஆகட்டும்." "ஒங்க சவுரியம் போல." இந்த மூன்றையும் மாற்றி மாற்றி வைத்தே இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள். ஒரே மகள் முத்துக்கனியைச் சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இரண்டே பேர். ஊரைச் சுற்றி உப்பளமாக விரிந்து கிடக்க, அண்ணாச்சி தட்டில் மட்டும் உப்பு இல்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவள் பேச்சிலும் உப்பு இல்லாமல் போனதுதான் தாங்க முடியவில்லை. பேருக்கு ஏற்றபடி சீனித்தாய் சீனியாகவே ஆகிவிட்டாள். நெஞ்சு நோயோடு சர்க்கரை நோயும் வீட்டுக்குள் வந்த கதையாயிற்று.

சாயங்காலம் கடை அடைத்துத் திரும்பும்போது ஏதாவது வீட்டில் பெண்சாதி புருஷனைத் திட்டுகிற சத்தம் கேட்டால் அண்ணாச்சி நின்றுவிடுவார். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிறமாதிரி கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வீட்டுப் புருஷன் பேரில் அவருக்குப் பொறாமையாக இருக்கும். 'குடுத்துவச்ச பய' என்று நினைத்துக்கொண்டு நடப்பார். அவர் செருப்பு வார் அடிக்கடி அறுந்துபோவதாகத் தெருவில் ஒரு பேச்சு உண்டு.

ஆக, பல் தேய்க்கும்போது அவர் போட்ட கணக்கு இதுதான். மாத்திரை தின்கிறவரைக்கும் தான் நோயாளி. நோயாளியை அவள் திட்டமாட்டாள். மாத்திரையை நிறுத்திவிட்டு நன்றாக நடமாடிக் காட்டினால் தான் மனுஷன். மனுஷனாகிவிட்டால் திட்டு தானாக வரும்.

அப்படியானால் மதுரைக்குப் போய் டாக்டரிடமே கேட்டிருக்கலாமே? அதுதான் இல்லை. முதல் தவணைக்குக் கடையில் வேலை என்றார். இரண்டாம் தவணைக்கு மழை என்றார். மூன்றாம் தவணை வந்தபோது, "அந்த டாக்டரு சீமைக்குப் போயிட்டாராம்லா" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். சீனித்தாய், "சரி" என்றாள்.

உண்மைக் காரணம் வேறு. மதுரையில் நெஞ்செல்லாம் ஒயரை ஒட்டவைத்துக் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. அதற்கு அந்தப்பக்கம் சீனித்தாயின் முகம் தெரிந்தது. அத்தனை வருஷமாக அவர் பார்த்திராத முகம். அவளுக்கு அப்படி ஒரு முகம் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அதை இன்னொரு தடவை பார்ப்பதைவிடச் செத்துப்போகலாம் என்று அவருக்குத் தோன்றியது. செத்தால் அவள் முகம் என்ன ஆகும் என்று யோசிக்கிற அளவுக்கு அவர் போகவில்லை.

தீர்மானம் எடுத்த அன்றே மருந்துக்கடை செல்வதுரையிடம் போனார். இளவயதிலிருந்து பழக்கம்.

"ஓய் செல்வதுரை, ஒரு சந்தேகம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு நெஞ்சுக்கு மாத்திரை திங்காரு."

"நீருதான அது?"

"ஒருத்தருன்னேன். இப்ப அவருக்கு ஒரு தொந்தரவும் இல்ல. நிறுத்திரலாமா?"

"என்னக் கேட்டா? நான் மாத்திரை விக்கவன். நிறுத்தும்னு சொன்னா எனக்கு நட்டம். நிறுத்தாதேயும்னு சொன்னா, யாவாரத்துக்குச் சொல்லுதான்னு நீரு நம்பமாட்டீரு."

"சும்மா சொல்லும்வே."

"எழுதிக் குடுத்தவர்ட்டப் போய்க் கேளும். நான் படிச்சது மாத்திரை அட்டை மட்டுந்தான்."

அடுத்து, தெருமுனை டாக்டர் சிவசுப்பிரமணியன். காய்ச்சல், வயிற்றுப்போக்குக்குக் கைராசிக்காரர். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"அண்ணாச்சி, இது நான் எழுதின மருந்தில்ல. மதுரைக்காரரு பாத்துத்தான் சொல்லணும். ஈசிஜி எடுக்காம, நிறுத்தலாமோ என்னமோ, எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் ஒண்ணையும் விட்டுராதீங்க."

டாக்டர் சொன்னது நாலு வாக்கியம். அதில் 'நிறுத்தலாமோ என்னமோ' என்பதை மட்டும் அண்ணாச்சி வீட்டுக்கு எடுத்துவந்தார்.

மாத்திரையை நிறுத்துவது ஒன்றும் லேசு அல்ல. சீனித்தாய் இரண்டு வேளையும் தண்ணீரோடு வந்து எதிரே நிற்பாள். அவர் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, தொண்டை ஏறி இறங்குகிறவரை நகரமாட்டாள். அண்ணாச்சி மாத்திரைகளைக் கன்னத்தில் ஒதுக்கப் பழகினார். அவள் முதுகு திரும்பியதும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கடைக்குப் போகிற வழியில் கடலில் எறிந்துவிடுவார். பழைய துறைப் பக்கத்து மீனுக்கெல்லாம் அந்த நாட்களில் நெஞ்சு கல்லுமாதிரி இருந்திருக்கும்.

முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. அண்ணாச்சிக்கு இளமை திரும்பிவிட்டது போலிருந்தது. இனித் திட்டு வாங்கவேண்டியதுதான் பாக்கி. அதற்கு வழி பார்த்தார். சாயங்காலம் மீன் சந்தையில், கடைசியாக மிச்சம் கிடந்த சாளையை, விற்கிறவளே 'வேண்டாம் அண்ணாச்சி' என்று தடுத்தும் கேளாமல் வாங்கிவந்தார்.

"ஏளா சீனி, மீனு வாங்கியாந்திருக்கேன். பாரு."

அவள் ஓலைப்பெட்டியைத் திறந்தாள். மதில்மேல் காத்திருந்த பக்கத்து வீட்டுப் பூனை அந்தப்பக்கமாக இறங்கிப் போனது.

"நல்ல மீனு" என்றாள் சீனித்தாய்.

"நல்ல மீனா? கண்ணப் பாரு. செவசெவன்னு கெடக்கு."

"கண்ணையா திங்கப்போறோம்?"

"நாறுதுட்டி!"

"மீனுன்னா நாறத்தான செய்யும். நீங்க உக்காருங்க. மோரு தாரேன்."

அண்ணாச்சி உட்கார்ந்தார். கொஞ்சநேரத்தில் பின்கட்டில் உரலில் எதையோ ஓங்கி ஓங்கி இடிக்கிற சத்தம் கேட்டது. மோருக்கு இடிக்க என்ன இருக்கிறது என்று அவர் யோசித்தார். அவள் திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. "கறிவேப்பிலை போட்டிருக்கேன்" என்று சிரித்தாள்.

மறுநாள் தார் மிதித்த காலோடு கழுவிய தரையில் நடந்தார். "காலு வழுக்கிரப்போவுது" என்று துடைத்தாள். அவள் அண்ணன் மகன் கல்யாணத்துக்குப் போகவேண்டாம் என்றார். "ஒங்க சவுரியம் போல" என்றாள். எந்தப் பக்கம் முட்டினாலும் பஞ்சுமூட்டை. கடைசியில், அவளுடைய அம்மா வைத்த குழம்பைவிடத் தன் அக்கா வைத்த குழம்பு ருசி என்று சொல்லிப் பார்த்தார். முன்னெல்லாம் இந்தச் சொல்லுக்கு ஒரு வாரம் சோறு தண்ணி இறங்காது. அவள் அவரையே கொஞ்சநேரம் பார்த்தாள். உதடு அசைந்தது. இதோ வருகிறது என்று அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருக்கும்" என்றாள்.

அன்றைக்கு அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது வாரம் கச்சான் காற்று கிளம்பி மணலை வாரி வீசிக்கொண்டிருந்த ஒரு பகலில், கடைக் கல்லாவில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அது வந்தது. குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போகிற மேளக்காரன் வழி தப்பி அவர் நெஞ்சுக்குள் நுழைந்துவிட்டமாதிரி ஒரு அடி. நெற்றியில் வேர்த்தது. 'வாயு' என்றார் தனக்குத்தானே. 'நெஞ்சு' என்றது உள்ளே ஒரு குரல். 'நேத்துத் தின்ன பரோட்டா' என்றார். 'நேத்துத் திங்காத மாத்திரை' என்றது அது.

மேளம் கொஞ்சநேரத்தில் அடங்கிவிட்டது. பயம் அடங்கவில்லை. எதிரே கடல் பளபளவென்று கிடந்தது. அவருடைய மாத்திரை எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. இந்தக் கடலில் முத்துக்குக் குளிக்கிறவன் உண்டு, சங்குக்குக் குளிக்கிறவன் உண்டு. மாத்திரைக்குக் குளிக்கிறவனை எங்கே போய்த் தேடுவது?

சரி, இன்றைக்கே மறுபடி ஆரம்பித்துவிடலாம் என்று நினைத்தார். அதிலும் ஒரு சிக்கல். விட்ட மாத்திரையை எடுத்த எடுப்பில் முழுசாகத் தின்னலாமா? பாதியா? மூன்றுமா, ஒன்றா? நிறுத்தலாமா என்று தெரியாமல் நிறுத்தியாயிற்று. இப்போது தொடங்கலாமா என்று தெரியவில்லை. யாரிடமாவது கேட்கவேண்டுமானால் நிறுத்தினதைச் சொல்லவேண்டும். சீனித்தாயிடம் சொல்லலாம். சொன்னால் அந்த முகம் வரும்.

ஆனாலும் சொல்லிவிடுவது என்றுதான் அன்றைக்குச் சீக்கிரமாகவே கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்து பார்த்தால் சீனித்தாய் அடுக்களைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கை நெஞ்சைப் பிடித்திருந்தது.

"ஏளா! என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமலா நெஞ்சப் புடிச்சிக்கிட்டு இருக்க?"

"கொஞ்ச நாளா இப்படித்தான். வரும், போவும். நீங்க பதறாதீய. ஒங்களுக்கு ஆகாது."

அண்ணாச்சிக்கு உலகம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. "பிளாரன்ஸு! ஏ பிளாரன்ஸு!" என்று கத்தினார். வீட்டுக்குள் அவர் குரல் அந்த உயரத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை.

பிளாரன்ஸ் பக்கத்து வீடு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. ஊர்ப்பேச்சை எல்லாம் கேட்டுக்கேட்டு, தன் பேச்சைச் சுருக்கிக்கொண்டவள். உள்ளே வந்து சீனித்தாயின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

"மாதாவே! அண்ணாச்சி, அக்கா ரெண்டு வாரமா இப்படித்தான் இருக்காவ. ஒங்களுக்கு அதிர்ச்சியாயிரும்னு சொல்லக்கூடாதுன்னுட்டாவ."

"ரெண்டு வாரமாவா? இப்பம் என்ன செய்ய?"

"இங்கன வச்சிக்கிட்டு இருக்கக்கூடாது. இருதய டாக்டர்ட்டக் காட்டணும்."

"மதுரைக்கே போவோம். என்னப் பொழைக்கவச்ச மனுசன். அவருதான் சரி!"

கண்ணை மூடிச் சாய்ந்திருந்த சீனித்தாய் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "அவருதான் சீமைக்குப் போயிட்டாருன்னீயளே?"

அண்ணாச்சி ஒரு விநாடிதான் தடுமாறினார். "வந்துட்டாரு! நேத்துதான் வந்தாராம். கடையில பேசிக்கிட்டாங்க."

"சரி" என்று சீனித்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிளாரன்ஸ் தானே மதுரை ஆஸ்பத்திரிக்கு டிரங்கால் போட்டு மறுநாளைக்கு நேரம் கேட்டுச் சொல்வதாகப் போனாள். அன்று அண்ணாச்சி அடுப்புப் பற்றவைத்தார். கஞ்சி வைத்தார். அது பாதி கஞ்சியாகவும் பாதி சோறாகவும் அடியில் கரியாகவும் வந்தது. சீனித்தாய் ஒரு சொல் சொல்லாமல் குடித்தாள். அவள் காலைப் பிடித்துவிட்டார். வேண்டாம் என்று இழுத்துக்கொண்டவள், அப்புறம் இழுக்கவில்லை. அந்தக் கால் இவ்வளவு சின்னது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

விடிந்ததும் மதுரை பஸ். சீனித்தாயை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் இப்படி ஒட்டி உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. வீட்டில் அவள் எப்போதும் நாலு முழம் தள்ளியே இருப்பாள், கண்ணாடிச் சாமான் வைத்திருக்கிற அலமாரிப் பக்கம் போகப் பயப்படுகிறமாதிரி. உப்பளம் எல்லாம் பின்னால் போய், கரிசல் காடு வந்தது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது அவள் தலை அவர் தோளில் சாய்ந்தது. பஸ் சாய்த்ததா, அவளாகச் சாய்ந்தாளா தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை இல்லை. தேங்காய் எண்ணெயும் மல்லிகையும் கலந்து ஒரு வாசம் வந்தது. மூச்சை உள்ளே இழுத்து, வெளியே விட மனமில்லாமல் வைத்துக்கொண்டார்.

"ஏளா, வலிக்கா?"

"இப்பம் பரவால்ல."

"பயமா இருக்கா?"

"ஆமா."

"எனக்குந்தான்."

அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள். "ஒங்களுக்கு என்னத்துக்குப் பயம்?"

"நீ இல்லாட்டா வீட்ல ஒரு சத்தம் இருக்காதே."

"இப்பம் மட்டும் சத்தம் இருக்காக்கும்?"

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "காத்துல தூசி" என்றாள். 'திருச்செந்தூர் முருகா' என்று அவர் மனசுக்குள் வேண்டிக்கொண்டார். 'இவள எனக்குத் திருப்பிக் குடு. பழைய சீனியாக் குடு. வாயோட குடு. மொட்ட போடுதேன்.'

ஆஸ்பத்திரியில் கூட்டம். பெஞ்சில் அவள் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நர்ஸ் வெளியே வந்து, "சிவனணைந்தபெருமாள்!" என்று கூப்பிட்டாள். பொம்பிளைக்குப் பார்த்தாலும் புருஷன் பேரைத்தான் கூப்பிடுவார்கள்போல என்று நினைத்து, சீனித்தாயைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார்.

பெரிய டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. சீமைக்குப் போய் வந்த களை எதுவும் இல்லை.

"அம்மா, நீங்க வெளிய இருங்க. ஐயா, நீங்க சட்டையைக் கழட்டிட்டுக் கட்டில்ல படுங்க."

"ஐயா, நோவு எனக்கில்ல. இவளுக்கு."

"உங்களுக்குத்தான். போன்ல எல்லாம் சொன்னாங்க. ரெண்டு வாரமா மாத்திரை சாப்பிடலியாமே?"

அண்ணாச்சி மெதுவாகத் திரும்பினார். சீனித்தாயின் கை நெஞ்சில் இல்லை. இடுப்பில் இருந்தது. கொடிமரம்மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"ஒனக்கு... எப்படி?"

"சட்டப்பையெல்லாம் வெள்ளவெள்ளையா மாவு ஒட்டியிருக்கு. அதத் தொவைக்கது யாரு, பிளாரன்ஸா?" என்றாள். குரல் எழும்பப்போனது. டாக்டரைப் பார்த்துச் சட்டென்று அடக்கிக்கொண்டாள். "சரி. படுங்க." கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அண்ணாச்சி படுத்தார். ஒயரை ஒட்டினார்கள். அதே கதவு. அதே வட்டக் கண்ணாடி. அதற்கு அந்தப்பக்கம் அதே முகம். இந்தத் தடவை அவர் கண்ணை எடுக்கவில்லை. நெஞ்சு வலி நடிப்பு, சாய்ந்து உட்கார்ந்தது நடிப்பு, எல்லாம் சரி. அந்த முகம் நடிப்பில்லை. அவர் ஒவ்வொரு மாத்திரையாகக் கடலில் போட்ட இரண்டு வாரமும் இந்த முகத்தை உள்ளே வைத்துக்கொண்டுதான் அவள் 'நல்ல மீனு' என்று சொல்லியிருக்கிறாள். அண்ணாச்சிக்குக் கண் நிறைந்து காதுப்பக்கமாக வழிந்தது. "அசையாதீங்க" என்றாள் நர்ஸ்.

டாக்டர் நீளக் காகிதத்தைப் பார்த்தார். பழைய காகிதத்தோடு ஒத்துப் பார்த்தார். இரத்த அழுத்தம் பார்த்தார். கல்லாவில் வந்த படபடப்பை அண்ணாச்சி 'வாயு' என்று சொன்னதையும் கேட்டுக்கொண்டார். பிறகு கண்டித்தார்.

"உங்க அதிர்ஷ்டம், பெருசா ஒண்ணும் ஆகல. அந்தப் படபடப்பு வாயு இல்ல. இந்த மாத்திரையை எடுத்தோம் கவிழ்த்தோம்னு நிறுத்தக்கூடாது. நிறுத்தணும்னா நான் பாத்துப் படிப்படியாக் குறைக்கணும். ஒழுங்கா வந்திருந்தீங்கன்னா போன வருஷமே ஒரு மாத்திரையை எடுத்திருப்பேன். இப்ப எடுக்கிறேன். மத்த ரெண்டும் வேணும். எப்படித் திரும்ப ஆரம்பிக்கணும்னு எழுதித் தாரேன். ஆறு மாசத்துல வரணும்."

"வாரேன் ஐயா." அண்ணாச்சி சட்டைப் பொத்தானைப் போட்டார். போட்டதைக் கழற்றி மறுபடி போட்டார். "ஐயா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"வீட்ல... வீட்டுக்காரி என்னத் திட்டலாமா?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "என்னது?"

"அதிர்ச்சி கூடாதுன்னு நீங்க அன்னிக்குச் சொன்னதுலயிருந்து ஒரு வார்த்த திட்டல ஐயா. ரெண்டு வருசமாச்சு. வீடு வீடா இல்ல."

"அட, அடிக்கடி பதறவைக்காதீங்கன்னு சொன்னேன். அளவாத் திட்டுறதுக்கு என்ன? தாராளமாத் திட்டலாம்."

அண்ணாச்சி வெளியே வந்த வேகத்தைப் பார்த்து நர்ஸ் பயந்துபோனாள். சீனித்தாய் எழுந்து நின்றாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒரு மாத்திரை கொறைஞ்சிட்டு. மத்தது அப்படியே. ஆறு மாசத்துல வரணும். பெறவு..."

"பெறவு?"

"நீ திட்டலாமாம்."

அவள் நம்பவில்லை. சீமைக்கு அனுப்பின வாய்தானே அது. அவரைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுத் தானே டாக்டர் அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்சநேரம் கழித்து வந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"கேட்டுட்டேன். வாங்க, பஸ்ஸு ஏறுவோம்."

பஸ் நகரம் தாண்டும்வரை காத்திருந்தாள். பிறகு மடை திறந்தது. அருப்புக்கோட்டை வரைக்கும் அந்தச் சாளை மீன் ஒன்றே போதுமாக இருந்தது. "அந்த மீனத் தொட்டுத் தூக்கிப்போட என் கை எப்படிக் கூசிச்சு தெரியுமா? செத்த பெறவு கருமாதியும் முடிஞ்ச மீனு அது! அத நல்ல மீனுன்னு சொல்லவச்ச பாவம் ஒங்கள விடாது!" பந்தல்குடியில் சீமைக் கதை வந்தது. "நேத்துதான் வந்தாரா? கப்பல்லயா வந்தாரு? ஒங்க கயித்தப் புடிச்சிக்கிட்டா எறங்கினாரு?" அக்கா வைத்த குழம்பு வந்தபோது முன் சீட்டுக்காரர்கள் எல்லோரும் திரும்பி உட்கார்ந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். "மாத்திரையத் துப்பினீயளே, என்னையும் சேத்துத் துப்பிருக்கலாம்லா! நீங்க போய்ச் சேந்துட்டா நான் யாரப் போயித் திட்டுவேன்? சொவத்தையா?" இதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டு, அவர் வைத்த கஞ்சிக்குப் போனாள்.

எதிர் சீட்டுப் பெரியவர் குனிந்து கேட்டார். "என்ன தம்பி, சண்டையா?"

"இல்லய்யா. பேசிக்கிட்டு வாரோம்" என்றார் அண்ணாச்சி. முகம் எல்லாம் சிரிப்பு. கண்ணை மூடி, நல்ல நாதஸ்வரம் கேட்கிறவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார்.

எட்டயபுரம் தாண்டியதும் காற்றில் உப்பு வாசம் லேசாகத் தட்டியது. திட்டு நல்ல உச்சத்தில் இருந்தது. ஆனாலும் மனுஷ மனசுக்கு நிறைவு ஏது? வருகிறபோது அவள் தலை சாய்ந்திருந்த தோள் இப்போது காலியாக இருந்தது. திட்டும் வேண்டும், அந்தச் சாய்வும் வேண்டும்போல அவருக்கு ஒரு ஏக்கம் பிடித்துக்கொண்டது. குறுக்குச்சாலை வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஏளா... லேசா வலிக்கமாதிரி இருக்கே" என்று முனகிச் சாய்ந்தார்.

திட்டு பாதி வார்த்தையில் அறுந்தது. சீனித்தாய் பதறி அவரைத் தாங்கினாள். நெஞ்சில் இருந்த அவர் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். அண்ணாச்சிக்குச் சொர்க்கம்.

பிறகு அவள், தன் கை எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தாள். மூடியிருந்த அவர் இமை லேசாகத் துடிப்பதையும் பார்த்தாள். கையை எடுக்காமலே, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"நெஞ்சு வலின்னா எடது பக்கம் புடிக்கணும். அதையும் நான்தான் சொல்லித்தரணுமாக்கும்?"